பத்திரிகைக்கு எழுத விரும்பும் சர்ஜனுக்கு: கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சியிலோ பெருந்துறையிலோ எம்.எஸ். முடித்து இரண்டு மூன்று வருடம் ஆன சர்ஜனுக்கு எழுதும் ஆசை பெரும்பாலும் ஓ.பி.யில்தான் பிறக்கிறது. சர்க்கரைப் புண்ணில் பச்சிலை வைத்துக் கட்டாதீர்கள் என்று காலையிலிருந்து ஆறு பேருக்குச் சொல்லியிருப்பார். ஏழாவது ஆள் காலில் பச்சிலைக் கட்டோடு உள்ளே வருவார். இதை ஊருக்கே ஒரே தடவையில் சொல்லிவிட முடியாதா என்று தோன்றும். முடியும். ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்கு இருப்பது போலவே எழுத்துக்கும் ஒரு வேலைமுறை இருக்கிறது. அதைப் பழகாமல் இறங்கினால் நோயாளிக்கும் கேடு, பதிவு எண்ணுக்கும் கேடு.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையைப் படித்து முடித்தவர் அன்று ராத்திரியே செய்யக்கூடிய ஒரு காரியமாவது அதில் இருக்க வேண்டும். அந்தக் காரியம் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதாக இருக்கக் கூடாது. கீழே வரும் எல்லாமே இந்த இரண்டு வரியிலிருந்து கிளம்புகிறவைதான்.

பேனாவை எடுக்கும் முன்

மருத்துவர்களின் நடத்தைக்கு 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக விதிகளைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கழகத்துக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்தது. 2002 விதிகளில் 7.11ஐ முழுவதும் படியுங்கள். பொதுச் சுகாதாரம், நலவாழ்வு பற்றி மருத்துவர் தன் சொந்தப் பெயரில் பொதுப் பத்திரிகைக்கு எழுதலாம், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசலாம் என்கிறது அது. தன்னை விளம்பரப்படுத்தும்படியோ நோயாளிகளை இழுக்கும்படியோ எழுதுவதைத் தடுக்கிறது.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? பெயர், பட்டம், துறை, ஊர் போதும். ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம், கைபேசி எண் வேண்டாம், 'இதுவரை இத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறேன்' என்ற கணக்கும் வேண்டாம். இதில் பலர் மாட்டிக்கொள்வது அவர்கள் எழுதியதால் அல்ல. பக்கம் கட்டும்போது துணை ஆசிரியர் நல்லெண்ணத்தில் கடைசி வரியாக ஆஸ்பத்திரி முகவரியைச் சேர்த்துவிடுவார். ஆகவே மின்னஞ்சலின் முதல் வரியிலேயே 'பெயருடன் பட்டமும் ஊரும் மட்டும் போடவும், முகவரியும் எண்ணும் போட வேண்டாம்' என்று எழுதிவிடுங்கள். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள்.

அரசு மருத்துவமனையிலோ அரசுக் கல்லூரியிலோ இருப்பவர்களை 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்டுப்படுத்தும். டீன் வழியாகவோ இணை இயக்குநர் வழியாகவோ எழுத்தில் அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குவதே பத்திரம். தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தால் நியமன ஒப்பந்தத்தில் ஊடகம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

நேரம்

வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதும். அதை ஒரே இரவில் ஒதுக்காதீர்கள். ஒரு மணி நேரம் படித்துச் சரிபார்க்க, ஒன்றரை மணி நேரம் எழுத, மறுநாள் காலை அரை மணி நேரம் வெட்டிக் குறைக்க. ஆபரேஷன் நாளில் எழுத உட்கார வேண்டாம். இரவு டியூட்டி முடித்த கையோடு எதையும் அனுப்பவே வேண்டாம். இடது வலது மாறுவதும், மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆவதும் அந்த வேளையில்தான்.

ஓ.பி. மேசையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்: 'மேலுக்கு முடியலைங்க', 'சுருக்குனு குத்துதுங்க', 'கல்லு கரைய மருந்து தாங்க'. வலது பக்கத்தில் அதிலிருந்து எழும் கேள்வி. பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், ஊர் எதுவும் அந்த நோட்டில் வரக் கூடாது. தியேட்டர் படங்களைச் சொந்த கைபேசியில் எடுக்காதீர்கள். அவை தானாகவே வேறு எங்கோ சேமிப்புக்குப் போய்ச் சேரும். பிறகு யார் கண்ணில் படும் என்று உங்களால் சொல்ல முடியாது.

எப்போது எதை எழுதுவது

கொங்குப் பகுதியில் விபத்துக்கும் புண்ணுக்கும் பருவம் உண்டு. மழைக்காலத்தில் பாம்புக்கடி, தீபாவளிக்குத் தீக்காயம். அறுவடையான மஞ்சளை வேகவைக்கும் காலத்தில் ஈரோட்டுப் பக்கம் கொதிநீர்க் காயம். விசைத்தறியிலும் பனியன் கம்பெனியிலும் கை மாட்டுவது வருடம் முழுக்க உண்டு. நோட்டைப் புரட்டினால் இந்தக் காலண்டர் தானே தெரியும். எதுவாக இருந்தாலும் சம்பவம் நடக்கும் காலத்துக்கு மூன்று வாரம் முன்பே கட்டுரை அச்சில் வந்திருக்க வேண்டும். நடந்த பிறகு வரும் கட்டுரை செய்தியாக மட்டும் நிற்கும்.

ஓர் உதாரணம். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் சர்க்கரை நோயாளிகள் நிறையப் பேர். காலில் உணர்ச்சி மங்கியவருக்குத் தார் ரோட்டுச் சூடும் தெரியாது, முள் ஏறியதும் தெரியாது. மூன்றாம் நாள் சாக்ஸில் ஈரம் பார்த்துத்தான் கொப்புளம் உடைந்ததே தெரியும். பண்ணாரியில் பங்குனியில் குண்டம் இறங்கி தீ மிதிக்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இதை எழுதும்போது நேர்த்திக்கடனைக் கிண்டல் செய்கிற தொனி ஒரு சொல்லில் எட்டிப் பார்த்தாலும் படிப்பவர் அத்தோடு தாளைத் திருப்பிவிடுவார். 'போகாதீர்கள்' என்று எழுதாமல், போகிறவர் செய்ய வேண்டியதை எழுதுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உணர்ச்சி இல்லையென்றால் வெறுங்காலில் நடக்கக் கூடாது. புதுச் செருப்பை யாத்திரையன்று முதன்முதலாகப் போடக் கூடாது. வெள்ளைப் பருத்தி சாக்ஸ் நல்லது, கறை உடனே தெரியும். தங்கும் இடத்தில் தினமும் இன்னொருவர் பாதத்தைப் பார்க்க வேண்டும். கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது. விரதம் என்று மாத்திரையையோ இன்சுலினையோ தானாக நிறுத்தக் கூடாது. இத்தனையும் நானூறு சொல்லுக்குள் அடங்கும்.

ஒரு கட்டுரையைக் கட்டுவது எப்படி

மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கும் மெஷினில் விரல் துண்டாவதை எடுத்துக்கொள்வோம். மாடு வைத்திருக்கும் தோட்டமெல்லாம் அந்த மெஷின் இருக்கிறது. சோளத்தட்டை உள்ளே தள்ளும்போது விரல் கூடவே போய்விடுகிறது. அதுவும் சாயங்காலம், வெளிச்சம் குறைந்த நேரத்தில், வீட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும்போது.

சர்ஜன் எழுதும் முதல் வரைவு அநேகமாக இப்படித் தொடங்கும்: 'நுண் அறுவைச் சிகிச்சைத் துறையில் ஏற்பட்டுள்ள வியத்தகு முன்னேற்றங்களால் துண்டான உறுப்புகளை மீண்டும் பொருத்துவது சாத்தியமாகியுள்ளது.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விரல் துண்டான வீட்டில் அந்த நேரத்தில் யாருக்கும் இது உதவாது. இப்படித் தொடங்கலாம்: 'விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுங்கள். ஐஸில் நேராகப் போடாதீர்கள்.' இரண்டே வரியில் காரியம் வந்துவிட்டது, ஏன் என்ற கேள்வியும் எழுந்துவிட்டது.

அடுத்த பத்தி காயம்பட்ட கைக்கு. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். மோதிரம் இருந்தால் கழற்ற வேண்டும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால் ரத்தக்குழாயும் நரம்பும் நசுங்கும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அதைக் கழுவி எடுக்கவே தியேட்டரில் நேரம் போகும், கிருமியும் சேரும். தோலில் தொங்கிக்கொண்டிருக்கும் விரலை முழுதாக அறுத்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சின்னத் தோல் பாலத்திலேயே சிரை என்ற ரத்தக்குழாய் ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதைக் காரணத்தோடு சொன்னால்தான் கேட்பார்கள்.

மூன்றாவது பத்தி துண்டான விரலுக்கு. மண் இருந்தால் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலச வேண்டும், தேய்க்கக் கூடாது. நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்ட வேண்டும். அந்தப் பையை, தண்ணீரும் ஐஸ்கட்டியும் கலந்த இன்னொரு பாத்திரத்தில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் தசையும் குழாயும் உறைந்து செத்துவிடும். தண்ணீரிலேயே ஊறப் போட்டால் திசு ஊதிவிடும். இந்த இரண்டு 'ஏன்'களையும் விட்டுவிடாதீர்கள். காரணம் தெரிந்தவர் பதற்றத்திலும் சரியாகச் செய்வார்.

பிறகு வண்டி. 108ஐ அழைப்பது, வழியில் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் இருப்பது, எந்த ஆஸ்பத்திரியில் ஒட்டுவார்கள் என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுக் கிளம்புவது. தாராபுரம் பக்கமிருந்து கோவைக்கு வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். சரியாகக் குளிர்வித்த விரல் அந்த நேரத்தைத் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே, தசை நிறைந்த இடத்தில் கை துண்டாகியிருந்தால் பொறுமை கிடையாது. ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும்.

கடைசியாக உண்மையையும் எழுதுங்கள். நசுங்கிப் பிய்ந்த விரல் எல்லாவற்றையும் ஒட்ட முடியாது. ஒட்டிய விரலும் பழையபடி மடங்கும் என்று சொல்ல முடியாது. அடிபட்ட காலைக் காப்பாற்ற முடியுமா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறை ஒன்றைக் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர்களே உருவாக்கினார்கள். தோல், எலும்பு, தசை நரம்பு என்று பிரித்து எண்ணிப் பார்க்கிறது அது. முடிவை ஆசையிடம் விடாமல் கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது என்பதை வாசகருக்குப் புரியவைக்க நம் ஊரிலேயே இருக்கும் உதாரணம் இது.

சொல்

அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். மொழியால் முடியாதது இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'கட்டி' என்ற ஒரே சொல் சீழ்க்கட்டிக்கும் கொழுப்புக்கட்டிக்கும் புற்றுக்கும் ஓடுகிறது. நீங்கள் 'மார்பில் கட்டி' என்று எழுதி அனுப்புவீர்கள், தலைப்பு 'மார்பகப் புற்று' என்று வரும். அதனால் முதல் தடவை வரும்போதே எந்தக் கட்டி என்று சொல்லிவிடுங்கள். பித்தப்பைக் கல்லையும் சிறுநீரகக் கல்லையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம். பித்தக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதாமல் மேலே போகக் கூடாது. ஆபரேஷன், ஸ்கேன், தையல், மயக்க மருந்து என்று மக்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். குடலிறக்கம், குடல்வால் போன்றவை எல்லோருக்கும் தெரிந்த நல்ல சொற்கள்.

எண்

பத்திரிகையில் சர்ஜன் செய்யும் பெரிய பாவம் சதவீதத்தில்தான் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. பட்டியலைப் பின்பற்றத் தொடங்கிய பிறகு இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. 'இறப்பு ஏறக்குறையப் பாதியானது' என்று எழுதினாலும் உண்மை. 'ஆயிரம் பேரில் 15 பேர் இறந்த இடத்தில் 8 பேர்' என்று எழுதினாலும் உண்மை. இரண்டாவதைத்தான் எழுத வேண்டும். ஆயிரம் பேரை வாசகரால் கற்பனை செய்ய முடியும், ஒரு கல்யாண மண்டபக் கூட்டம்.

அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அது முன்-பின் ஒப்பீடு மட்டுமே. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே பட்டியலைக் கொண்டுவந்து பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. அதில் சொல்லும்படியான குறைவு எதுவும் தெரியவில்லை. பட்டியலில் டிக் அடிப்பதும், தியேட்டரில் எல்லோரும் நின்று பேசிச் சரிபார்ப்பதும் ஒன்றல்ல என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்து எழுதினால் கட்டுரை கொஞ்சம் கரடுமுரடாகும். வாசகர் தாங்குவார், வெட்டாதீர்கள்.

மருந்தின் அளவை எழுதவே வேண்டாம். பழைய எழுத்துரு இன்னும் புழங்கும் அலுவலகங்களில் யூனிகோடை மாற்றும்போது தசமப் புள்ளி காணாமல் போகும். 0.5 என்பது 05 ஆகிவிடும், பிழைதிருத்துபவர் அதை 5 ஆக்குவார்.

நோயாளியின் கதை

பெயர் சொல்லாமல் படமோ விவரமோ வெளியிடுவதற்கு 7.17ஆம் விதியின்படி சம்மதம் தேவையில்லை, அடையாளம் தெரியாதவரை. அந்தக் கடைசி இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 'திருச்செங்கோடு பக்கத்துக் கிராமத்தில் போர் போடும் ரிக் லாரி ஓட்டும் 34 வயதுக்காரர், போன மாதம் கால் எடுக்கப்பட்டவர்' என்று எழுதினால் பெயர் எதற்கு? ஊரே கண்டுபிடித்துவிடும். ஊர், தொழில், வயது, மாதம் இந்த நான்கில் இரண்டையாவது எடுத்துவிடுங்கள். மாற்றி எழுதாதீர்கள். மாற்றி எழுதினால் அது செய்தியாக இருக்காது.

கதை அப்படியே வேண்டுமென்றால் சம்மதத்தை இரண்டு தடவை வாங்குங்கள். வார்டில் படுத்திருப்பவர் டாக்டர் கேட்டால் சரி என்றுதான் சொல்வார். 'நீங்க பார்த்து எதோ போடுங்க சாமி' என்பது சம்மதம் ஆகாது. தையல் பிரித்து வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்து, நீங்கள் இல்லாத இடத்தில் வேறொருவர் கேட்கட்டும். எழுதியதைத் தமிழில் முழுசாகப் படித்துக் காட்டுங்கள். பெண்ணாக இருந்தால் கணவரும் மாமியாரும் படிப்பார்கள் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது என்று எழுதியே கொடுங்கள்.

சில இடங்களில் பேச்சுக்கே இடமில்லை. பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தையின் அடையாளத்தைப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு காக்கிறது. ஹெச்.ஐ.வி. நிலையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. தற்கொலை முயற்சி பற்றி எழுத நேர்ந்தால் என்ன விஷம், எவ்வளவு என்று எழுதாதீர்கள். உதவி எண்ணாக 104ஐயோ 14416ஐயோ கட்டாயம் போடுங்கள்.

அடுத்த சர்ஜனின் தவறு

தாமஸ் வேக்லி என்ற ஆங்கிலேயச் சர்ஜன் 1823இல் லண்டனில் தி லான்செட் பத்திரிகையைத் தொடங்கினார். சில நிமிடத்தில் முடிய வேண்டிய மூத்திரப்பைக் கல் ஆபரேஷன் ஒன்று ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட இழுத்து நோயாளி இறந்துபோனதை, செய்தவரின் பெயரோடு அதில் வெளியிட்டார். வழக்கு வந்தது. கேட்ட நஷ்டஈடு 2,000 பவுண்டு, கிடைத்தது 100. சர்ஜனே பத்திரிகையாளராக இருப்பதன் பலமும் ஆபத்தும் அந்த வழக்கிலேயே இருக்கின்றன. எங்கே தவறு நடந்தது என்று உங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். ஆனால் தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு. டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் எழுதாதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் கேள்வி அனுப்பி, பதில் சொல்ல நேரம் கொடுங்கள். அவர் உங்களோடு அதே ஊரில் போட்டியாகத் தொழில் நடத்துகிறவர் என்றால் அந்தச் செய்தியை நீங்கள் தொடவே கூடாது. உங்கள் சொந்த ஆஸ்பத்திரி பற்றிய செய்தியும் அப்படித்தான், நல்லதோ கெட்டதோ வேறு நிருபரிடம் கொடுத்துவிடுங்கள். ஆபரேஷனில் தையலுக்குப் பதிலாகப் போடும் ஸ்டேப்ளரைத் தயாரிக்கும் கம்பெனி செலவில் மாநாட்டுக்குப் போய்வந்தவர் ஸ்டேப்ளர் பற்றி எழுதினால் அதைக் கட்டுரையிலேயே சொல்ல வேண்டும்.

அனுப்புவதும் அதற்குப் பிறகும்

நாளிதழுக்கு நானூறிலிருந்து அறுநூறு சொல் போதும். இணைப்பிதழ்ப் பக்கங்கள் பல நாள் முன்பே கட்டி முடிக்கப்படும், அதை விசாரித்து அனுப்புங்கள். சாயங்காலத்தில் ஆசிரியர் குழுவை அழைக்காதீர்கள், பக்கம் போகும் நேரம் அது. தலைப்பு ஒன்றை நீங்களே எழுதிக் கொடுத்து, மாற்றினால் ஒரு குறுஞ்செய்தியில் சொல்லும்படி கேளுங்கள். 'கத்தியின்றி ரத்தமின்றி', 'அதிசயம்', 'சாதனை' ஆகிய சொற்கள் தலைப்பில் ஏறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அச்சில் வந்த அன்று காலை கையில் பென்சிலோடு ஒரு தடவை வரிவரியாகப் படியுங்கள். பிழை இருந்தால் அன்றே திருத்தம் அனுப்ப வேண்டும். எந்தத் தேதியில் என்ன பிழை, என்ன திருத்தம், வந்ததா இல்லையா என்று ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள்.

பிறகு வாசகர்கள் எப்படியோ எண்ணைத் தேடிப்பிடித்துப் புண்ணின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், 'இது என்னனு பார்த்துச் சொல்லுங்க சார்' என்று. படத்தைப் பார்த்து நோய்ப் பெயர் சொல்லாதீர்கள். தொலைமருத்துவத்துக்கு 2020ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை இருக்கிறது. அதன்படி பார்ப்பதென்றால் அது முறையான ஆலோசனை, பதிவேடும் மருந்துச் சீட்டும் வேண்டும். மற்றவர்களுக்கு ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், காய்ச்சலோ கெட்ட வாடையோ விரல் கறுப்பதோ இருந்தால் இன்றைக்கே போங்கள். அனுப்பிவிட்டுப் படத்தை அழித்துவிடுங்கள். ஒரே கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்திருந்தால் அதை நோட்டின் வலது பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த கட்டுரை அதுதான்.